தாண்டி ஓட்டிய காட்சி

நான் செய்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்கள் கல்லூரி ஒன்றில் ஆங்கில இலக்கியம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில் என் மாணவிகளுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினேன். அதன் உயிரான காட்சி வந்தபோது ரிமோட்டை எடுத்துத் தாண்டி ஓட்டினேன். டிஸ்க்கில் கீறல் என்று பொய் சொன்னேன். மறுநாள் ஒரு மாணவி தனியாக வந்து அந்தப் படத்தைப் பற்றி ஒன்று கேட்டாள். பதில் சொல்லாமல் அவளைத் திருப்பி அனுப்பினேன். ஓய்வு பெற்ற பிறகும் என்னை அரித்துக்கொண்டிருப்பது இந்த மூன்றாவதுதான். ஆனால் முதல் இரண்டையும் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

படத்தின் பெயர் 'ஸ்ப்ளெண்டர் இன் தி கிராஸ்'. 1961-ல் வந்தது. இயக்கியவர் எலியா கசான், எழுதியவர் வில்லியம் இஞ்ச். டீனி லூமிஸ் என்ற பெண்ணாக நாட்டலி வுட், பட் ஸ்டாம்பர் என்ற பையனாக வாரன் பீட்டி. பீட்டிக்கு அதுதான் முதல் படம். தலைப்பை வேர்ட்ஸ்வொர்த்தின் 'இம்மார்ட்டாலிட்டி ஓட்' கவிதையின் பத்தாம் பகுதியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அந்தக் கவிதையை நான் வருஷக்கணக்காக நடத்தியிருக்கிறேன். 1802-ல் தொடங்கி, நான்கு பகுதி எழுதியதும் நின்றுபோய், 1804-ல் முடிந்த கவிதை என்று குறிப்பு கொடுப்பேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அந்த இடைவெளியில் எழுதுகிறவனுக்கு என்ன நடந்திருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நான் நடத்தியதும் இல்லை. கவிதை பிள்ளைகளின் மனசில் ஒட்டவில்லையே என்ற ஆதங்கத்தில்தான் படத்தைக் காட்டலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் தப்பில்லை.

கதை நடப்பது 1928-ல், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துத் தென்கிழக்குப் பகுதியில் ஒரு சின்ன ஊரில். எண்ணெய்க் கிணறுகளால் பணம் புரளும் ஊர். பட்டின் அப்பா ஏஸ் ஸ்டாம்பர் எண்ணெயில் சம்பாதித்த பெரும்புள்ளி. டீனியின் வீடு சாதாரண வீடு. ஸ்டாம்பர் கம்பெனியின் பங்குகளை வாங்கி வைத்துக்கொண்டு அது ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பம். பட்டும் டீனியும் பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் இருக்கிறார்கள். ஒருவர் மேல் ஒருவர் உயிரையே வைத்திருக்கிறார்கள்.

தடைபட்ட காதல் என்றால் நமக்கு உடனே தோன்றுவது இரண்டு குடும்பத்துப் பகை. இந்தப் படத்தில் அது இல்லை. பெரிய இடத்துப் பையன் தன் மகளை விரும்புகிறான் என்பதில் டீனியின் அம்மாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஏஸ் ஸ்டாம்பரும் அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்கு வருஷம் யேல் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்கிறார். பட்டுக்கு யேலில் விருப்பம் இல்லை. விவசாயக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, டீனியைக் கட்டிக்கொண்டு, அப்பாவின் பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் அவனுக்கு. அதை அப்பா காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. ஆக, கல்யாணத்துக்கு எதிரி யாரும் இல்லை. அந்தப் பிள்ளைகளின் உடம்பில் எழுகிற ஆசையைப் பற்றி வாயைத் திறக்கத்தான் அந்த ஊரில் ஒருவருக்கும் மனசில்லை.

படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: பிள்ளைகள் கேட்கிறார்கள், பெரியவர்கள் பதில் சொல்லாமல் நழுவுகிறார்கள். முதல் காட்சியில் அருவிக்கரையில் காரில் முத்தமிட்டுக்கொண்டிருந்த டீனி பயந்து நிறுத்திவிட்டு வீட்டுக்கு வருகிறாள். அம்மாவிடம் கேட்கிறாள்: ஒரு பையன் மேல் அப்படி ஒரு உணர்ச்சி வருவது அத்தனை பயங்கரமான விஷயமா? நல்ல பெண்களுக்கு வராது என்கிறாள் அம்மா. உனக்கு அப்பாவிடம் அப்படி இருந்ததே இல்லையா என்று மகள் மடக்கிக் கேட்கிறாள். கல்யாணம் வரைக்கும் அவர் என்னைத் தொட்டதில்லை, அதற்கப்புறம் மனைவி என்ற கடமைக்காக இடம் கொடுத்தேன், பெண்ணுக்கு அதில் ஆம்பளைக்கு இருக்கிற மாதிரி சுகம் எதுவும் கிடையாது என்ற அர்த்தத்தில் பதில் வருகிறது. அம்மா இதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. பால் குடி, தூங்கு என்கிற அதே குரலில் சொல்கிறாள்.

பட் அப்பாவிடம் போகிறான். ஏஸ் ஸ்டாம்பர் சத்தமாகப் பேசுகிறவர். மகன் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் பத்து வாக்கியம் பேசிவிடுவார். உலகத்தில் இரண்டு விதப் பெண்கள் உண்டு, கட்டிக்கொள்ள ஒரு விதம், மற்றதற்கு வேறு விதம் என்பதுதான் அவர் மகனுக்குத் தரும் ஞானம். பட் பிறகு டாக்டரிடம் போகிறான். நிமோனியா வந்து தேறிய உடம்பு. வெட்கத்தை விட்டு, தவித்துத் தவித்து, தனக்கு என்ன ஆகிறது என்று சொல்லப் பார்க்கிறான். குடும்ப டாக்டர்; அவனைச் சின்ன வயசிலிருந்தே தெரிந்தவர். அவருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தன் சங்கடத்தை மறைத்துக்கொண்டு அவனை அனுப்பிவிடுகிறார்.

பட்டின் அக்கா ஜின்னி இந்த மௌனத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவள். கல்யாணம் ரத்தானவள், குடிப்பவள், ஊர் வாய்க்கு அவல். புத்தாண்டு இரவு விருந்தில் ஆண்கள் கூட்டம் அவளை என்ன செய்கிறது என்பதைப் பட் கண்ணால் பார்க்கிறான். அதற்குப் பிறகுதான் அவன் டீனியிடம், இனி நாம் தள்ளியே இருப்போம் என்கிறான். அவனுக்குத் தெரிந்த ஒரே மரியாதை அது. நான் தொட்டால் டீனியும் ஜின்னி ஆகிவிடுவாளோ என்ற பயம். அவளைத் தொடாமல் இருப்பதற்காக வேறொரு பெண்ணிடம் போகிறான். ஜின்னியாக நடித்த பார்பரா லோடனை இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியாது. பின்னாளில் 'வாண்டா' என்ற படத்தைத் தானே எழுதி இயக்கி நடித்தவர் அவர். இங்கே அவர் வரும் நேரம் குறைவு. ஆனால் அவர் சிரிப்பதைப் பார்த்தாலே வயிறு கலங்கும்.

பட்டின் விஷயம் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. அந்தச் சமயத்தில் வகுப்பில் மிஸ் மெட்காஃப் வேர்ட்ஸ்வொர்த் நடத்துகிறார். டீனியை எழுப்பி, இந்த வரிகளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறார். டீனி எழுந்து நின்று, தொண்டை அடைக்க, நல்ல மாணவியாக இரண்டு வாக்கியம் சொல்கிறாள். அதற்கு மேல் முடியவில்லை. ஓடிவிடுகிறாள். ஆசிரியை பின்னால் ஓடுகிறார். எங்கள் ஏ.வி. ரூமில் இந்தக் காட்சி ஓடியபோது பிள்ளைகள் மூச்சுக்கூட விடவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. கவிதை கடைசியில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து வருவது குளியலறை. நான் தாண்டி ஓட்டியது அதைத்தான்.

இப்போது அதை உள்ளபடி சொல்கிறேன். வெந்நீர்த் தொட்டியில் டீனி கழுத்தளவு தண்ணீரில் கிடக்கிறாள். ஆவி எழும்பிக்கொண்டிருக்கிறது. முகம் சிவந்து, நெற்றியில் முடி ஒட்டிக் கிடக்கிறது. அம்மா உள்ளே வந்து, பட்டுக்கு போன் போட்டுப் பேசட்டுமா என்கிறாள். உதவி என்றுதான் சொல்கிறாள். டீனி பதறிப்போய் கூடாது என்கிறாள். அம்மா குரலைத் தாழ்த்தி, மனசில் இத்தனை நாள் இருந்ததைக் கேட்டுவிடுகிறாள்: அந்தப் பையன் உன்னைக் கெடுத்துவிட்டானா? ஒரு கணம் டீனிக்குப் புரியவில்லை. பிறகு சிரிக்கிறாள். தண்ணீருக்குள் முங்குகிறாள். எழுந்து, இல்லை, நான் கெட்டுப்போகவில்லை, பிறந்தபோது இருந்த மாதிரியே இருக்கிறேன், நீ சொன்னபடியெல்லாம் நல்ல பெண்ணாகத்தான் இருந்தேன் என்று அலறுகிறாள். அந்த அலறலில் சந்தோஷமும் இல்லை, பெருமையும் இல்லை. அப்படி இருந்ததுதான் அவளுடைய நோய். தொட்டியிலிருந்து எழுந்து ஓடுகிறாள். அம்மா விறைத்துப்போய் நிற்கிறாள்.

நாட்டலி வுட் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிற விதத்தைப் பாருங்கள். நடிப்பு என்றே தோன்றாது. அந்த வருஷம் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் போட்டியில் அவர் பெயர் இருந்தது, விருது கிடைக்கவில்லை. இஞ்ச்சின் திரைக்கதைக்குக் கிடைத்தது.

நான் ஏன் தாண்டி ஓட்டினேன்? வெளியே சொல்ல ஒரு காரணம் வைத்திருந்தேன்: தொட்டியில் ஒரு பெண் உடம்பு, வகுப்பில் காட்டினால் புகார் வரும், பெற்றோர் கேட்பார்கள். ஆனால் அந்தக் காட்சியில் தோளுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. ஓடுகிற டீனியின் முதுகுப்புறம் தெரிகிற மாதிரி கசான் எடுத்த ஒரு துண்டை, அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகளை முன்னிட்டு வெட்டிவிட்டார்கள். 1934-லிருந்து கறாராக அமலில் இருந்து 1968-ல் கைவிடப்பட்ட அந்த விதித்தொகுப்போடு கசான் பல படங்களில் முட்டி மோதியவர். அத்தனை பேர் கத்தரித்த பிறகும் மிஞ்சியிருந்தது ஒரு தாய்க்கும் மகளுக்கும் நடக்கும் பேச்சு மட்டும்தான். நான் மறைத்தது அந்தப் பேச்சை. அந்தக் கேள்வியைக் கல்லூரிப் பெண்கள் காதால் கேட்பதை என்னால் தாங்க முடியவில்லை. என்னை வைத்துக்கொண்டு அவர்கள் அதைக் கேட்பதை, அதன் பிறகு என் முகத்தைப் பார்ப்பதை. என் அம்மாவும் ஒருநாள் வேறு வார்த்தையில் அதையே என்னிடம் கேட்டவள். நானும் இல்லை என்றுதான் சொன்னேன். அதற்கு மேல் அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவே இல்லை.

படத்தை அதோடு நிறுத்தவுமில்லை. முன்பின்னாக இன்னும் சிலவற்றையும் ஓட்டினேன்: அருவிக்கரை, புத்தாண்டு இரவு, நடனத்துக்குப் போன டீனி பட்டின் முன்னால் தன்னையே கொடுக்கத் தயாராக நின்று அவன் மறுத்துவிடுகிற இடம். கடைசியில் என் மாணவிகள் பார்த்தது என்ன? ஒரு நல்ல பெண், ஒரு நல்ல பையன், வகுப்பில் அழுகை, திடீரென்று ஏரியில் விழுந்தவளைத் தூக்குகிறார்கள், மனநல மருத்துவமனை. நடுவில் இருந்த காரணம் அத்தனையையும் நான் உருவிவிட்டேன். விளக்கு போட்டபின் அரை மணி நேரம் பேசினேன். இளமையின் வேகம், பொறுமையின் அருமை, காலம் ஆற்றும் காயம். வேர்ட்ஸ்வொர்த்தை அதற்குச் சாட்சியாக இழுத்தேன். கைதட்டினார்கள்.

மறுநாள் வந்தவள் விடுதியில் தங்கிப் படித்த பெண். வகுப்பில் மூன்றாவது வரிசையில் சுவரோரம் உட்காருவாள், அதிகம் பேசமாட்டாள். ஆசிரியைகள் அறையின் வாசலில் வந்து நின்றாள். உள்ளே இன்னும் இரண்டு பேர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்கள். கையில் ரெக்கார்ட் நோட்டு. அதன் அட்டை நுனியைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தாள். என்னம்மா என்றேன்.

"மிஸ், அந்தப் பொண்ணு ஒரு தப்பும் பண்ணலியே. பண்ணாததுக்கா அப்படி ஆச்சு?"

நான் ஒளித்து வைத்த காட்சியை, பார்க்காமலே, அவள் கண்டுபிடித்துவிட்டாள். வகுப்பில் வேறு எவருக்கும் தோன்றாத கேள்வி. என் இடத்தில் யாராக இருந்தாலும் எழுந்து அவளை வராண்டாவுக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அவள் இன்னும் குரலைத் தாழ்த்தினாள்.

"மனசுல நெனைச்சாலே தப்பா மிஸ்?"

பக்கத்தில் பேனா ஓடுகிற சத்தம் நின்றது. கேட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. நான் சொன்னது இது: "இந்த வயசுல இதெல்லாம் போட்டுக் குழப்பிக்காதம்மா. மாடல் எக்ஸாம் வருது, அதைப் பாரு. நீ நல்ல பொண்ணு."

கான்சஸில் அந்த அம்மா மகளுக்குச் சொன்னதை நான் என் மாணவிக்குச் சொன்னேன். அம்மாவுக்காவது வேறு வழி தெரியாது. தன் தாய் தன்னை வளர்த்தபடி வளர்த்தவள். எனக்குத் தெரியும். அந்தப் படத்தை அதற்கு முன்பே தனியாக உட்கார்ந்து பலமுறை பார்த்து அழுதவள் நான். லூமிஸ் அம்மாள் மேல் எனக்கு அத்தனை கோபம். தெரிந்தே சொன்னேன்.

"சரி மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பொங்கல் லீவு முடிந்து அவள் திரும்பவில்லை. விடுதியில் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று கூடப் படித்தவர்கள் சொன்னார்கள். மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று ஒருத்தி சொன்னாள். வைத்தியம் நடக்கிறது என்றாள் இன்னொருத்தி. படிப்பை முடிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். அவளுக்கு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. அவள் ஊர் எனக்குத் தெரியும், கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் முகவரி கிடைத்திருக்கும். கேட்கவில்லை. கேட்டால், அவள் என்னிடம் வந்தது வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். என் பதிலால்தான் அவள் படிப்பு நின்றது என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. என் பதில் அவளுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை என்பதற்கு ஆதாரமே தேவையில்லை.

வெகுநாள் கழித்து, படத்தின் பின்பாதியைத் திரும்பப் பார்த்தேன். அங்கேதான் என் தப்பின் முழு அளவு தெரிந்தது. டீனியை விச்சிட்டாவில் மருத்துவமனையில் சேர்க்க, அப்பா டெல் லூமிஸ் ஸ்டாம்பர் பங்குகளை விற்கிறார். விற்க மனசில்லாத மனைவியின் பேச்சையும் மீறி விற்கிறார். 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிகிறபோது விற்ற காரணத்தாலேயே அந்தக் குடும்பம் தப்பிக்கிறது. ஏஸ் ஸ்டாம்பருக்கு எல்லாம் போகிறது. நியூயார்க்கில் மகனைக் கேளிக்கை விடுதிக்கு அழைத்துப்போய், டீனி சாயலில் ஒரு பெண்ணை அவன் அறைக்கு அனுப்பிவைக்கிறார். அதே இரவில் ஜன்னலிலிருந்து குதித்து உயிரை விடுகிறார். மகனுக்கு என்ன வேண்டும் என்று கடைசிவரை அந்த மனிதருக்குக் கேட்கத் தெரியவில்லை.

டீனிக்கு மருத்துவமனையில்தான் முதல்முறையாகக் கேட்கிற ஆள் கிடைக்கிறார். அந்த டாக்டர் அவளுக்கு உபதேசம் எதுவும் செய்வதில்லை. இன்னும் அந்தப் பையனை நேசிக்கிறாயா என்று நேராகக் கேட்கிறார். பயத்தை நேரில் பார்த்துவிடு என்று வழி விடுகிறார். இரண்டரை வருஷம் கழித்து அவள் வீட்டுக்கு வருகிறாள். பட் எங்கே என்று தோழிகளிடம் கேட்கிறாள். அம்மா கண்ணைக் காட்டுகிறாள், தோழிகள் மழுப்புகிறார்கள். அந்தக் கூடத்தில் ஒரு மௌனம் விழுகிறது, முந்தைய மௌனங்கள் போலவே. அப்போது, படம் முழுக்க அதிகம் பேசாமல் ஓரமாக இருந்த டெல் லூமிஸ் வாயைத் திறக்கிறார். பட் பழைய பண்ணையில் இருக்கிறான் என்கிறார். அவ்வளவுதான். டீனி போய் அப்பாவைக் கட்டிக்கொள்கிறாள். அந்த இடத்தில் எனக்கு மனசு பதறியது. ஒரு விலாசத்தைச் சொல்வது அத்தனை பெரிய வீரம் இல்லை. அதைக்கூடச் சொல்லத் துணியாத கூட்டத்தில்தான் நான் நின்றிருந்தேன்.

கடைசிக் காட்சியை நான் மாணவிகளுக்கு முழுசாகக் காட்டினேன், ஆனால் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். வெள்ளை உடையும் தொப்பியுமாக டீனி பண்ணைக்குப் போகிறாள். அழுக்கு வேலையுடையில் பட் வருகிறான். யேல் படிப்பு பாதியில் போய், அங்கே சந்தித்த இத்தாலியப் பெண் ஏஞ்சலினாவைக் கட்டிக்கொண்டு, முதலில் ஆசைப்பட்ட அதே பண்ணை வேலையைச் செய்கிறான். ஆசைப்பட்ட பெண் மட்டும் இல்லை. கோழிகள் திரியும் சமையலறையில் ஏஞ்சலினா, வயிற்றில் இன்னொரு குழந்தையோடு, தன் பழைய உடுப்பைப் பார்த்துக் கூசுகிறாள். டீனி அவர்கள் குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்கிறாள். அதைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை என்கிற மாதிரி அவன் பதில் சொல்கிறான். அவளும் சின்சினாட்டியில் ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். கசான் தன் சுயசரிதையில் தான் எடுத்த முடிவுகளிலேயே தனக்குப் பிடித்த முடிவு இது என்று சொல்கிறார்.

காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும், பாருங்கள் என்று அன்று விளக்கினேன். காலம் அங்கே எதையும் ஆற்றவில்லை. பதில் கிடைக்காத இரண்டு பேர் தாங்களாகவே தட்டுத்தடுமாறி உயிர் பிழைத்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரியது, பெரியவர்கள் யாரும் அதில் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. இதை எழுதிய வில்லியம் இஞ்ச் 1913-ல் கான்சஸில் பிறந்தவர். தான் பார்த்து வளர்ந்த மனிதர்களிடமிருந்து இந்தக் கதையை எடுத்தார். தன் விருப்பம் எந்தப் பக்கம் என்பதை உலகத்திடம் சொல்ல முடியாமலே வாழ்ந்து, 1973-ல் தன் கையாலேயே உயிரை விட்டவர். நாடகாசிரியர் ஆவதற்கு முன் சில வருஷம் மிசூரி மாநிலத்தில் பெண்கள் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தியவர். அவரிடம் எந்தப் பெண் எதைக் கேட்டாள், அவர் என்ன சொன்னார் என்று நினைத்துப் பார்ப்பேன். மிஸ் மெட்காஃபை அழுகிற மாணவியின் பின்னால் ஓட வைத்தவர் அவர்.

பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். அதில் அவள் இல்லை. ஆனால் அவளோடு ஒரே அறையில் இருந்தவள் இருக்கிறாள். போன மாதம் அவளிடம் கேட்டேன். முதன்முறையாகக் கேட்டேன். "நல்லா இருக்கா மிஸ், நம்பர் தரட்டுமா?" என்றாள். வேண்டாம், அவளிடம் முதலில் கேள், அவள் சரி என்றால் தா என்றேன். இன்னும் பதில் வரவில்லை. வராமலும் போகலாம், அது அவள் விருப்பம். ஒருவேளை இது அவள் கையில் போய்ச் சேர்ந்தால், அன்றைக்கு வாசலில் நின்று கேட்டதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதிவைக்கிறேன்.

உள்ள வாம்மா. இல்ல, வராண்டாவுக்குப் போயிடலாம், இங்க ஆள் இருக்கு. நெனைக்கிறது தப்பில்ல. உடம்புல அப்படி வர்றது நோயும் இல்ல, பாவமும் இல்ல. எனக்கு வந்திருக்கு, எங்கம்மாவுக்கும் வந்திருக்கும். நேத்து டிஸ்க்குல கீறல் எதுவும் இல்ல. நான்தான் ஓட்டிவிட்டேன். நீ கேட்ட காட்சி அதுதான், அதைப் போட்டுக் காட்டறேன், சேர்ந்து உக்காந்து பார்ப்போம். யார் அந்தப் பையன்னு நான் கேக்க மாட்டேன். நீயா சொன்னா கேட்டுக்கறேன், யார்கிட்டயும் போகாது. அவன் உன்னை என்ன கேட்டாலும், உனக்கு வேணுமா வேண்டாமான்னு சொல்ற உரிமை உன்கிட்டதான் இருக்கு. இப்ப எனக்குக் கவலை அது இல்ல. நீ எத்தனை நாளா தூங்கலை? பெரியாஸ்பத்திரியில எனக்குத் தெரிஞ்ச லேடி டாக்டர் ஒருத்தங்க இருக்காங்க, மனசு சம்பந்தமா பார்க்கறவங்க. திட்ட மாட்டாங்க, வீட்டுக்கு போன் பண்ண மாட்டாங்க. நாளைக்குப் பதினொரு மணிக்கு மேல எனக்கு வகுப்பு இல்ல. விடுதி வார்டன்கிட்ட நான் பேசிக்கறேன். ரெண்டு பேருமா போயிட்டு வந்துடலாம்.